முப்பந்தல் காற்றும் பேட்டரி காரும்
வாசகர் கேள்விகள் – ஒர்க்ஷாப் பதில்கள்

தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவில் 32 வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். அம்பாசடர் கார்புரேட்டரில் தொழில் படித்தவன். இப்போது ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்கேனரும் இருக்கிறது. புதுத் தொழில்நுட்பக் கார்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேட்டரி காரைப் பற்றித்தான். காரோடு தரும் புத்தகம் நம்ம ஊர்க் காற்றையும் உப்பையும் மழையையும் தெரிந்து எழுதியது இல்லை. அதனால் இந்தப் பதில்களை நம்ம ரோட்டில் நான் பார்த்ததை வைத்தே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, ஆடி மாசம் குடும்பத்தோடு நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போனோம். பேட்டரி கார். போகும்போது 25 சதவீதம் சார்ஜ் செலவானது. அதே ரோட்டில் திரும்பி வரும்போது 33 சதவீதம். அதே நாலு பேர், அதே ஏ.சி. பேட்டரி போய்விட்டதா? சர்வீஸ் சென்டரில் காட்டட்டுமா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் ஆரல்வாய்மொழி கணவாயில் கச்சான் காற்றை எதிர்த்து வந்திருக்கிறீர்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக் காற்று மலை இடுக்கில் புகுந்து கிழக்கே பாய்கிற இடம் அது. போகும்போது தோவாளையில் இருந்து காவல்கிணறு வரை அந்தக் காற்று உங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளியது. வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது.

கணக்கு இதுதான். காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால், காருக்கு அது 110-ல் போவது மாதிரி. தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். அதே காற்று பின்னால் இருந்து வந்தால் காருக்கு 50 மாதிரி. தடை பாதிக்கும் கீழே இறங்கும்.

இதை நானே ஒரு தடவை அளந்து பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் காரை டெஸ்ட் எடுக்கும் சாக்கில், ஜூலை மாசம் மத்தியானம், பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். ஏ.சி.யை அணைத்துவிட்டு 80-ல் பிடித்து நிறுத்தினேன். கிழக்கே போகையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 95 வாட் ஹவர் என்று ஸ்கிரீனில் காட்டியது. காவல்கிணற்றில் திருப்பி அதே வேகத்தில் வந்தபோது 190-ஐத் தொட்டது. பையன் நோட்டில் எழுதிக்கொண்டே "அண்ணாச்சி, இது வேற காரா?" என்று கேட்டான். அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே ஒரு யூனிட்டுக்கு (ஆயிரம் வாட் ஹவர்) மேல் வித்தியாசம்.

பணகுடி, வள்ளியூர் பக்கம் ரோடு வடக்கே திரும்பிவிடுகிறது. அங்கே காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கும். அதுவும் கொஞ்சம் தின்னும். இன்னொன்றையும் நீங்களே நினைத்துப் பாருங்கள். வரும்போது வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் 80, 95 ஆகியிருக்கலாம்.

பெட்ரோல் காரிலும் இதே காற்று இதே அளவுக்குத் தடுக்கத்தான் செய்தது. பெட்ரோல் முள் ஒரு கோடு இறங்கினால் நாம் கவனிக்க மாட்டோம். பேட்டரி கார் சதவீதம் சதவீதமாகக் கணக்குச் சொல்கிறது, அதனால் கண்ணில் படுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை திருநெல்வேலியில் இருந்து கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி நெருங்கும்போது 65-க்கு இறக்குங்கள். ஐந்து நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஐயா, என் வீடு கடலில் இருந்து இருநூறு மீட்டர். எங்கள் பக்கத்தில் இரும்பு எதுவும் நிலைக்காது. பேட்டரி கார் வாங்கினால் உப்புக் காற்றில் கரண்ட் சமாச்சாரம் எல்லாம் கெட்டுப்போகாதா?
– மீன் வியாபாரி, குளச்சல்

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். பேட்டரி பெட்டி இறுக்கி அடைத்தது. ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று சோதித்தது. உப்புக் காற்று அதை உடனே ஒன்றும் செய்துவிடாது.

கெடுவது பிரேக். முட்டம் பக்கத்தில் இருந்து ஒரு பேட்டரி கார் வந்தது. இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பின்சக்கரத்தில் இருந்து கரகர சத்தம். கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கின் உட்பக்கம் முழுக்கத் துரு. பலாப்பழத் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. பிரேக் பேட் தேயவே இல்லை, புதுசு மாதிரி. பேடை டிஸ்க்கில் அமுக்கும் காலிப்பர் நகர்வதற்கான இரண்டு கம்பிப் பின்களும் இறுகிப் போயிருந்தன. ஓட்டியவர் மேல் தப்பு இல்லை. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கி, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ரீஜென் என்பார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பிரேக் பேடுக்கு வேலையே இல்லாமல் போகிறது. வழக்கமான காரில் பேட் உரசி உரசியே டிஸ்க்கைத் துடைத்துவிடும். இதில் துடைக்க ஆள் இல்லை, கடற்கரையோ பக்கத்தில்.

வாரம் ஒரு தடவை அந்த ரீஜென் அளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, ஐந்தாறு தடவை பிரேக்கை நன்றாக மிதித்து ஓட்டுங்கள். மழையிலோ கழுவிய பிறகோ காரை அப்படியே ஷெட்டில் விடாதீர்கள், ஒரு சுற்று ஓட்டி டிஸ்க்கைக் காய வைத்து நிறுத்துங்கள். மாசம் ஒரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். வருஷம் ஒரு தடவை காலிப்பரைக் கழற்றி அந்தக் கம்பிப் பின்களுக்கு அதற்கான கிரீஸ் போட வேண்டும். சார்ஜ் செய்யும் வாய்க்குள் எண்ணெய், கிரீஸ் எதையும் வைக்காதீர்கள். மூடி சரியாக மூடியிருந்தால் போதும்.

அப்புறம் வீட்டு எர்த். உங்கள் மண்ணில் புதைத்த எர்த் பைப்பே சில வருஷத்தில் அரித்துப் போய்விடும். சார்ஜர் மாட்டுவதற்கு முன்னால் நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பார்த்துவிடுங்கள். இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பச்சை நம்பர் பிளேட் போட்ட கார்கள் அரசாங்க வண்டியா?
– மாணவி, பூதப்பாண்டி

இல்லை மோளே. பேட்டரி வண்டிக்கான அடையாளம் அது, 2018-ல் வந்தது. சொந்த வண்டி என்றால் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து.

என் தம்பி துபாயில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வருவான். அவனுடைய 2011 மாடல் பெட்ரோல் காரை நான்தான் கவர் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்கிறார்களே, பழைய காருக்கு அது ஆகுமா?
– ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்

ஓடும். ஆனால் கவனிப்பு வேண்டும். ஈ-20 என்றால் நூற்றில் இருபது பங்கு எத்தனால். எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைவது அதனால்தான். சுத்தப் பெட்ரோலுக்காகச் செய்து ஈ-10-க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. ஈ-20-க்கென்றே சரிசெய்த புதிய கார்களில் ஒன்றிரண்டு சதவீதம்.

உங்கள் விஷயத்தில் மைலேஜைவிட முக்கியமானது கார் சும்மா நிற்பது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பாதி டேங்கோடு பத்து மாசம் நின்றால் மேலே இருக்கிற காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். போன வருஷம் இப்படி ஒரு வளைகுடாக்காரர் வீட்டுக் கார் வந்தது. டேங்கில் இருந்து கொஞ்சம் எடுத்து சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பத்து நிமிஷத்தில் கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலாக ஓர் அடுக்கு, மேலே தெளிவாகப் பெட்ரோல். பம்ப் அடியில் இருந்துதானே உறிஞ்சும்? வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?

டேங்கைக் கிட்டத்தட்ட நிரப்பி வையுங்கள். காற்று இருக்க இடம் கொடுக்காதீர்கள். மாசம் ஒரு தடவை திருவட்டாறு வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் உறும விடுவதில் பிரயோஜனம் இல்லை. பெட்ரோல் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஊறிய மரச்சீனி மாதிரி மெத்தென்று இருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். சின்னச் செலவுதான். கசிந்து சூடான எஞ்சின் மேல் விழுந்தால் அது பெரிய ஆபத்து.

சார், மகள் வாங்கிக் கொடுத்த காரில் அடாஸ் என்று இருக்கிறது. மார்த்தாண்டம் போகிற வழியில் ஸ்டியரிங் தானாக என் கையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு தடவை தானாகவே பிரேக்கும் போட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். எனக்கு 67 வயது. மொத்தமாக அணைத்து வைக்கலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கருங்கல்

மொத்தமாக வேண்டாம் சார். அடாஸ் என்பது ஓட்டுகிறவருக்குக் கைகொடுக்கும் வசதிகளின் தொகுப்பு. கையை இழுப்பது ஒன்று, பிரேக் போடுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அணைக்கலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால், தூக்கத்தில் விலகுகிறார் என்று நினைத்துத் திருப்பப் பார்க்கும். நம்ம மார்த்தாண்டம் ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், சைக்கிள்காரரை விட்டு விலகித்தான் போக வேண்டும். அதற்கு அது எப்படித் தெரியும்? அதனால் ஊருக்குள் அந்த லேன் உதவியை அணைத்துவிடுங்கள். மதுரை போகும் நான்குவழிச் சாலையில் ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள்.

தானாகப் பிரேக் போடுவதை மட்டும் அணைக்காதீர்கள். தயவுசெய்து கேளுங்கள் சார். ரேடாரும் கேமராவும் சேர்ந்து முன்னால் இருப்பதை அளந்து, உங்கள் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அது அமுக்கிவிடும். ஒரு குழந்தை ஓடி வருகிற நாளில் அந்த அரை விநாடிதான் எல்லாம். அது அவசரமாகக் குறுக்கிடுவதற்கு முக்கியக் காரணம் முன்வண்டியை நாம் ஒட்டிக்கொண்டு போவது. இரண்டு கார் நீளம் விட்டுப் பழகுங்கள், பாதித் தொல்லை போய்விடும். அந்த இடைவெளியில் ஆட்டோ புகும், புகட்டும்.

இன்னொன்று. இதே மாதிரி ஒரு கார், 'கேமரா மறைந்துள்ளது' என்று எச்சரிக்கை காட்டுவதாக வந்தது. ஸ்கேனர் போட்டேன், வயர் பார்த்தேன், ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் வெளியே வந்து முன்னால் நின்று பார்த்தால், கண்ணாடியின் மேல்பகுதியில் சாமி பெயரைப் பட்டையாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கேமராவின் கண்ணுக்கு நேரே அது. வீட்டு அம்மாவிடம் சொல்லி, முறைப்படி எடுத்துப் பின்கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தோம். உங்கள் காரிலும் பார்த்துவிடுங்கள். முன்னால் இரும்புக் கம்பி கார்டு போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். ரேடாரை மறைக்கும், சட்டப்படியும் கூடாது. முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால் கேமராவை மறுபடி அளவு சரிசெய்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் எப்படிச் சொன்னாலும் நம்ம ஊரில் விற்கிற அடாஸ் அதிகபட்சம் இரண்டாம் நிலைதான். மொத்தம் பூஜ்யத்தில் இருந்து ஐந்து வரை நிலைகள். இரண்டாம் நிலையில் ஓட்டுவது நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையதுதான். ஆளே இல்லாத டாக்ஸி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரப் பகுதியில் 2020-லேயே பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. அகலமான ரோடு, கோடு கோடாக அடையாளம். திங்கள்சந்தை நெரிசலில் அது எப்போது ஓடும் என்று நான் தேதி சொல்ல மாட்டேன்.

ஒக்கி புயலில் எங்கள் வீட்டில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. படுத்த படுக்கையாய் இருந்த அத்தைக்கு ஃபேன்கூடப் போட முடியவில்லை. பேட்டரி காரில் இருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
– குடும்பத்தலைவி, கொல்லங்கோடு

உண்மைதான் அக்கா. உங்கள் கேள்வியைப் படித்ததும் 2017 நவம்பர் கடைசி எனக்கும் கண்ணில் வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒன்பது நாள் இருட்டு. ரப்பர் மரம் விழுந்து வழி அடைத்து, ஒர்க்ஷாப்பில் இருந்த லாரி பேட்டரிகளை ஒவ்வொன்றாக வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போய் பல்பு எரிய விட்டோம். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகளில் போன் சார்ஜ் செய்யத்தான் முதலில் கேட்டார்கள்.

எல்லாப் பேட்டரி காரிலும் இந்த வசதி கிடையாது. வி டு எல் என்று சொல்வார்கள். நம் நாட்டில் 2023-ல் வந்த ஹூண்டாய் அயானிக் 5-லும், அதே வருஷம் மாற்றி வந்த டாடா நெக்ஸான் பேட்டரி காரிலும் இருந்தது. வாங்கும்போது நீங்கள் பார்க்கும் மாடலில் உண்டா என்று கேட்டு, கடைக்காரரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மிக்ஸியைக் கையோடு கொண்டுபோனால்கூடத் தப்பில்லை.

எத்தனை நாள் வரும்? ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் வையுங்கள். மூன்று ஃபேன் பத்து மணி நேரம், சுமார் 1.8. ஆறு எல்.ஈ.டி. பல்பு ஐந்து மணி நேரம், கால் யூனிட். போன்களும் இதர செலவும் சேர்த்து நாலு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40 யூனிட் பேட்டரியில், ஆஸ்பத்திரிக்கு ஓட 10 யூனிட்டைத் தொடாமல் வைத்தாலும், ஆறு ஏழு நாள் தாங்கும். தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்ட் அதிகம், அதை இதில் மாட்டாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காரில் இருந்து வயர் இழுத்து ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நேராகக் கொடுக்கலாம். வீட்டுச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க எரிய விடக் கூடாது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேனைக் கொன்றுவிடும். அப்படி வீடு முழுக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே வெளி லைனைத் துண்டித்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் உப்பளத்து உப்பில் இருந்து கார் பேட்டரி செய்யலாமா?
– பிளஸ் டூ மாணவன், புத்தளம்

நல்ல கேள்வி தம்பி. உப்பை அப்படியே போட முடியாது. ஆனால் உப்பில் உள்ள சோடியம்தான் விஷயம். லித்தியத்துக்குப் பதில் சோடியம் அயனி அங்கும் இங்கும் போய் வருகிற பேட்டரியைச் சீனாவின் சி.ஏ.டி.எல். என்ற பேட்டரி கம்பெனி 2021-ல் வெளியே காட்டியது. சோடியத்துக்கு உலகில் பஞ்சமே இல்லை. லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் செம்புத் தகடு வேண்டும், இதில் இரண்டு பக்கமும் அலுமினியம் போதும், விலை குறையும். குறை என்னவென்றால் அதே எடைக்குச் சேமிக்கிற சக்தி குறைவு. அதனால் சின்னக் கார்களுக்கும், காற்றாலைக் கரண்டைச் சேமித்து வைக்கவும் முதலில் பொருந்தும். உங்கள் ஊரில் உப்பு, பக்கத்தில் முப்பந்தல். வேதியியலை விடாமல் படி. லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் நோபல் வாங்கியவர்களில் குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

தினம் 30 கிலோமீட்டர், மாசம் ஒரு தடவை திருவனந்தபுரம் விமான நிலையம். ஹைப்ரிடா, பேட்டரியா?
– நர்ஸ், குழித்துறை

வீட்டில் கார் நிறுத்த இடமும் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் பேட்டரி கார். அந்தப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 30 கிலோமீட்டருக்கு நாலைந்து யூனிட், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தெருவில் நிறுத்துகிறவர் என்றால் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த கார். அதற்குப் பிளக் வேண்டாம்.

அண்ணாச்சி, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன். எஞ்சினே இல்லாத கார் வந்துவிட்டால் எனக்கு வேலை இருக்குமா? அப்பா வேறு படிப்புக்கு மாறு என்கிறார்.
– மாணவன், அருமனை

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், மாற வேண்டாம். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், ஏ.சி., டயர் எல்லாம் எந்தக் காரிலும் உண்டு. பேட்டரி கார் கனம் கூடியது, கால் வைத்ததும் பாயும், அதனால் டயர் சீக்கிரம் தேயும். வேலை குறையாது.

புதிதாகப் படிக்க வேண்டியது வயரிங். 1986-ல் பாஷ் கம்பெனி கேன் என்று ஒரு முறையை வெளியிட்டது. இரண்டே இரண்டு முறுக்கிய வயரில் காரின் எல்லாப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இன்று எந்தக் காரைத் திறந்தாலும் அதுதான். ஸ்கேனர் அந்தப் பேச்சைத்தான் ஒட்டுக் கேட்கிறது. ஆனால் ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பிச் சாமானை மாற்றாதே. கடையாலுமூட்டில் இருந்து ஒரு கார், ஆக்சிஜன் சென்சார் கோளாறு என்று ஸ்கேனரில் காட்டியது. வேறு இடத்தில் சென்சாரை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். நான் படுத்து வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்கு அடியில் திரும்புகிற வளைவில் எலி கடித்து, ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் விடும், பிடிக்கும். அம்பாசடர் காலத்தில் என் ஆசான் காதை வைத்து எஞ்சினைக் கேட்டார். நான் அன்று விரலை வைத்துக் கேட்டேன். நீயும் கேட்கப் பழகு.

ஆரஞ்சு நிற வயர் எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடு. அதில் முந்நூறு, நானூறு வோல்ட் டி.சி. ஓடும், சில கார்களில் அதற்கும் மேல். ரப்பர் பால் எடுக்கப் போடுகிற கையுறையெல்லாம் அதற்கு ஆகாது. ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று முத்திரை போட்டது வேண்டும், ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஊதிப் பார்க்க வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் புத்தகம் சொல்கிற நேரம் காத்திரு, கண்டென்சரில் சக்தி மிச்சம் இருக்கும். அப்புறம் மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஒர்க்ஷாப்பில் கூட்டம் குறைவாக இருக்கும். இடத்துக்கு வா, ஒரு பேட்டரி காரை அடியில் இருந்து காட்டுகிறேன். கழுத்தில் செயின், விரலில் மோதிரம் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா.